ஒரு பைல் எவ்வளவு இறங்கும்?

என் மகள் கனடாவில் என்ன வேலை பார்த்தாள் என்று இப்பவும் கேட்கிறவர்கள் உண்டு. இஞ்சினியர் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இஞ்சினியர் ஆர் வீட்டில்தான் இல்லை? ஆனால் என் மகள் பார்த்த வேலை வேறு. நிலத்துக்குள் இறக்கின தூணின் தலையில் பாரம் வைத்தால் அது எவ்வளவு தாழும் என்று, பாரம் வைக்க முன்னமே கொம்பியூட்டரில் பார்த்துச் சொல்லுகிற வேலை. அதை விளங்கிக்கொள்ள எனக்கே கொஞ்சக் காலம் எடுத்தது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுத்துக்கூட்டி எழுதுவேன், அவசரப்படமாட்டேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். அவசரமுள்ளவர்கள் வேறு எதையாவது வாசிக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் மகள் ஸ்பொன்சர் செய்து என்னை ரொறன்ரோவுக்கு எடுத்தாள். ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற்றில் நானும் அவளும். அவள் மண் பார்க்கிற ஒரு கொம்பனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கட்டடம் கட்ட முன்னம் நிலத்தைத் துளைத்து, உள்ளே களியோ மணலோ கல்லோ என்று பார்க்கிற கொம்பனி. முதலாளி நரைத்த வெள்ளைக்காரர். வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பேர் பெரியவர்.

ஒரு பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். மகள் தன்னோடு படித்த சிநேகிதியோடு ரெலிபோனில் கதைக்கிறாள்.

"ஒரு பைல்தானடி. ஒண்டே ஒண்டு. ஆனா அதுக்கு மேல சரியான பாரம் வரப்போகுது. எவ்வளவு இறங்கும் எண்டு என்னைச் சொல்லட்டாம் பெரியவர்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்குப் பைல்ஸ் என்றால் மூலவியாதி. அது இறங்கினால் எவ்வளவு கரைச்சல் என்று என் மனிசனுக்குப் பணிவிடை செய்த எனக்குத் தெரியாதா? கலியாணமாகாத பிள்ளை. அதுவும் போகட்டும், ஒவ்வீசில் இருக்கிற ஒரு ஆம்பிளை விசாரிக்கிற விசயமோ இது? எவ்வளவு இறங்கும் என்று கேட்கிறானாம்!

வளர்ந்த பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. அடுத்த நாளிலிருந்து கறிக்கு மிளகாய்த்தூள் போடுவதை நிறுத்தினேன். கீரை அவித்தேன், மோர் கரைத்தேன். அவள் கதிரையில் இருக்க முன்னம் ஓடிப்போய் ஒரு தலையணை வைத்தேன். அவள் எடுத்து நிலத்தில் போட்டாள். நான் திரும்ப எடுத்து வைத்தேன். இப்படிச் சில நாள் போனது.

"அம்மா, ஏன் எல்லாக் கறியும் வெள்ளையா இருக்கு?"

"உனக்கு நல்லது. சாப்பிடு. பாரம் ஒண்டும் தூக்காதை."

"நான் எங்க பாரம் தூக்கிறன்?"

"நீதானே சொன்னாய், மேல பாரம் வந்தா உன்ரை பைல் இறங்கும் எண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். பிறகு அந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்து சிரித்தாள். வருத்தத்துக்குப் பக்குவம் பார்த்த தாயைப் பார்த்து இப்படிச் சிரித்த பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சிரித்து முடித்து என் மாப் பேணியைத் திறந்தாள். கரண்ட் போனால் கொளுத்த வைத்திருந்த மெழுகுதிரியை எடுத்து மாவுக்குள் நட்டாள்.

"இதுதான் பைல், அம்மா. கொங்கிறீற் தூண். மேல்மண் பலமில்லாத இடத்திலை இப்பிடி ஆழமா இறக்கி, அதுக்கு மேலதான் கட்டடத்தை ஏத்துறது." மெழுகுதிரியின் தலையை விரலால் அமத்தினாள். அது கொஞ்சம் தாழ்ந்தது. "இந்தத் தாழுறதுதான் செற்றில்மென்ற். எவ்வளவு செற்றில் ஆகும் எண்டு முன்னமே சொல்லவேணும்."

"இன்னும் அமத்து, பார்ப்பம்."

அமத்தினாள். மெழுகுதிரி மளுக்கென்று முறிந்தது. மா கிளம்பி எங்கள் இரண்டு பேரின் முகத்திலும் அப்பியது.

"தூணுக்கும் இப்பிடி நடக்குமோ?"

"நடந்தா என்ரை வேலை போயிடும்," என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரியவந்தது. அவளை நிரந்தரமாக எடுக்கவில்லை, சில மாதம் பார்த்துத்தான் எடுப்பதென்று வைத்திருந்தார்கள். பெரியவர் பென்சிலும் கடதாசியுமாகக் கணக்குப் பார்த்து நரைத்தவர், கொம்பியூட்டரை நம்பமாட்டார். இவள்தான் வாயைக் கொடுத்து, தூண் தாழுவதைச் சொல்லுகிற ஒரு புது புரோகிராமை வாங்க வைத்திருக்கிறாள். ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் ஒரு கட்டடம் எழும்பப் போகிறது. முதலில் ஒரேயொரு தூணை இறக்கி, அதன்மேல் பாரம் கொடுத்துச் சோதிக்கப் போகிறார்கள். பெரியவர் சொன்னாராம்: "பெட்டி சொல்லுகிறதும் தூண் செய்கிறதும் கிட்டமுட்ட வந்தால் நீயும் நிற்கலாம், பெட்டியும் நிற்கலாம். வராவிட்டால் இரண்டு பேரும் போகலாம்."

என் பிள்ளையையும் ஒரு பெட்டியையும் ஒரே வசனத்தில் வைத்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் கறிக்கு இரட்டிப்பாகத் தூள் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான். கறுப்புக் கண்ணாடி, பச்சை எழுத்து. அது கேள்வி கேட்கும், மகள் பதில் அடிப்பாள். தூண் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நீளம், மேலே என்ன மண், அதற்குக் கீழே என்ன மண், அதற்கும் கீழே என்ன மண். பார்க்கிறபோது எனக்குச் சாதகம் கணிக்கிற மாதிரித்தான் இருந்தது. எல்லா விபரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, பலன் சொல்ல மட்டும் பஞ்சிப்படும்.

"சாத்திரம் இல்லை அம்மா, இது கணக்கு."

"சாத்திரியாரும் அப்பிடித்தான் சொல்லுறவர்."

நான் தேத்தண்ணி போட்டு, ஆற்றி, குடித்து, கோப்பை கழுவி வைத்த பிறகுதான் பலன் வந்தது. கண்ணாடியில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி நின்றது. மகள் தன் சுண்டுவிரலைக் காட்டினாள். அந்தத் தடிப்புத்தான் தாழுமாம். பெரியவர் தன் பென்சில் கணக்கில் பெருவிரல் தடிப்பு என்று சொல்லியிருந்தாராம்.

"இந்தத் துண்டு விரலுக்கோ இவ்வளவு பெரிய பெட்டி?" என்று கேட்டாலும், அவள் குளிக்கப் போன நேரம் பெட்டியின் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். பிள்ளையின் சோறு அதற்குள்தானே இருக்கிறது. திங்கட்கிழமை பெரியவர் பொட்டைக் கண்டு என்னவென்று கேட்டிருக்கிறார். சரிபார்த்த அடையாளம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, நல்லது, எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்று வைக்கவேணும் என்றாராம்.

இனி எங்கள் மாடியில் இருந்த தம்பியைச் சொல்லவேணும். தம்பி என்றாலும் ஐம்பதை நெருங்கினவர், மகளுக்கு அங்கிள். ஊரில் கந்தோரில் இருந்தவர், இங்கே ஒரு பேக்கரியில் பாண் தட்டு அடுக்கினார். மனிசி பிள்ளைகள் ஊரில். அந்தக் காலம் அகதியாக வந்த எல்லாருக்கும் கவுண்மேந்தில் ஒரு கடதாசிக் கட்டு இருந்தது. அதை எடுத்துப் பார்த்து முடிவு சொல்லும்வரைக்கும் ஆட்களுக்கு நித்திரையில்லை. அந்தக் கட்டுக்கும் பேர் பைல். நான் ஸ்பொன்சரில் வந்தவள், எனக்கு அந்தப் பைலோடு பழக்கமில்லை. அந்தப் பைலும் எங்கள் பைலும் தமிழ் வாயில் வந்தால் ஒரே பைல்தான் என்று எனக்கு ஆர் சொன்னது?

லிஃப்ற்றில் அவரும் நானும்.

"அக்கா, மகள் சனி ஞாயிறும் கொம்பியூட்டரோடை இருக்கிறா போல. அப்பிடி என்ன வேலை?"

"ஒரு பைல் எவ்வளவு செற்றில் ஆகும் எண்டு முன்கூட்டியே பார்த்துச் சொல்லுறா."

எங்கள் மாடியில் கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை. வழியை மறைத்துக்கொண்டு நின்றதால் நானும் இறங்கவில்லை. கதவு மூடி, இரண்டு பேரும் திரும்பக் கீழே போனோம்.

"பைலோ அக்கா?"

"பைல்தான்."

"முன்கூட்டியேயோ?"

"முன்கூட்டியேதான். பெட்டியிலை கோடு விழும்."

அன்று பின்னேரமே பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி பணிசோடு வந்து நின்றார். மகளுக்குச் சரியான சந்தோசம். அவளுடைய வேலையைப் பற்றி அதுவரைக்கும் எங்கள் ஆட்கள் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பிள்ளை, ஒரேயொரு பைல் எண்டாலும் பார்க்கலாமோ?"

"நான் இப்ப ஒண்டைத்தான் பார்க்கிறன் அங்கிள். சிங்கிள் பைல்."

"கட்டாயம் செற்றில் ஆகுமோ?"

"செற்றில் ஆகாத பைல் உலகத்திலையே இல்லை அங்கிள்."

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"ஆனா கூடச் செற்றில் ஆனாலும் பிழைதான்," என்றாள் இவள்.

"கூட ஆனா நல்லதுதானே பிள்ளை?"

"ஐயோ, இல்லை. அளவுக்கு மிஞ்சினா ஆக்களை உள்ளுக்கே விடமாட்டாங்கள். இருக்கிற ஆக்களையும் வெளியிலை அனுப்பிப் போடுவாங்கள்."

மனிசனுக்கு முகம் வெளிறிவிட்டது. நான் ஒரு பணிசை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"அப்ப அடியிலை கிடக்கிற பைல்?"

"ஆழத்திலை கிடந்தா நல்லது அங்கிள். அடி போய்க் கல்லிலை இருந்துதெண்டா அசையாது."

"அதுதான் பிள்ளை! அசையுதே இல்லை!"

"பக்கத்திலை வேறை பைல் இருக்கோ?"

"கட்டுக்கட்டா இருக்காம்."

"அப்ப அது வேறை கணக்கு. ஒண்டின்ரை பாரம் மற்றதைப் பாதிக்கும்."

"நான் எத்தினை பேருக்குச் சொன்னனான்!" அவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "மற்றப் பைலுகளாலைதான் இது கெட்டுப்போகுது எண்டு. ஒரு ஆளும் நம்பேல்லை!"

அவர் போன பிறகு மகள் சொன்னாள், "அந்த அங்கிளுக்கு என்ன விளக்கம் அம்மா! ஊரிலை இஞ்சினியர் கந்தோரிலை இருந்தவரோ?"

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் என் மரியாதையே வேறு. லிஃப்ற்றில் எனக்கு வழி விட்டார்கள். உடுப்புத் தோய்க்கிற அறையில் எனக்கென்று ஒரு மெசின் எப்பவும் காலியாக இருந்தது. காண்கிறவர்கள் எல்லாம், "அக்கா, பைல் எப்ப?" என்று காதோடு காதாகக் கேட்டார்கள். "வாற வியாழக்கிழமை," என்று நான் சொன்னேன். சோதனை வியாழக்கிழமைதானே. மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளை வியாழனுக்கு விரதம் பிடிப்பதாகச் சொன்னது. என் மகளின் வேலைக்காக ஊராரின் பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழன் காலை மகள் ஒன்றும் சாப்பிடாமல் போனாள். சோதனை நாள் முழுக்க நடக்கும், தான் தூணை விட்டு அசைய முடியாது என்றாள். முகம் சின்னதாகியிருந்தது. பிள்ளையைப் பட்டினியாக விட்டுவிட்டு எனக்கு வீட்டில் என்ன வேலை? புளிச்சாதமும் பொரித்த கத்தரிக்காயும் கட்டினேன். தம்பி பேக்கரிக்கு லீவு போட்டுவிட்டுப் பழைய காரோடு தயாராக நின்றார். பின் சீற்றில் ஒரு பிளாஸ்ரிக் பை, நிறையக் கடதாசி, அதற்குச் சீற் பெல்ற்றும் போட்டிருந்தார். என் சாப்பாட்டுக்கு ஒரு பெல்ற்றும் இல்லை, என் மடியில்தான் வந்தது.

விட்பியில் அவர் காரை நிறுத்தின இடம் வெறும் சேற்றுவெளி. தம்பி கடதாசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"ஒவ்வீஸ் எங்க அக்கா?"

"அந்தா, படங்கு கட்டியிருக்கு."

காற்றுக்கும் வெயிலுக்கும் நாலு பக்கமும் படங்குச் சீலை கட்டியிருந்தார்கள். விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். நடுவில் நிலத்திலிருந்து கொஞ்சமாகத் தலை நீட்டிக்கொண்டு ஒரு கொங்கிறீற் தூண். அதற்கு மேலே, கூரைக்குப் போடுகிற வளைமரம் மாதிரி, தடித்த இரும்பு வளை ஒன்று, இரண்டு அந்தத்திலும் நிலத்தோடு பிடித்துக் கட்டியிருந்தது. தூணுக்கும் வளைக்கும் நடுவில் ஒரு ஜக். கார் ரயர் மாற்ற வைப்போமே, அதற்குப் பெரியப்பா மாதிரி. அது வளையை உதைத்துக்கொண்டு தூணைக் கீழே அமத்துகிறது. மகளும் பெரியவரும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு மற்றப் பக்கத்தில் குனிந்து நின்றார்கள்.

"அக்கா, இது தூண்," என்றார் தம்பி.

"ஓம், தூண்தான்."

"பைல் எங்க?"

"இதுதான் பைல்."

"இது தூண் அக்கா!"

"நான் எப்பவாவது தூண் இல்லை எண்டு சொன்னனானோ?"

அவர் கடதாசிப் பையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சேற்றையும் பாராமல் வெளியில் கிடந்த ஒரு கல்லில் போய் இருந்துவிட்டார். நான் அவரைத் தேற்றியிருக்கலாம். ஆனால் எனக்கும் கால் நோ. படங்குக்குள்ளே தூணுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு பலகை, இரண்டு முளையில் வைத்து, முழங்கால் உயரத்துக்கு. இருக்க நல்ல வாங்கு. ஒருவரும் இருக்கவில்லை. சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டையும் இழுத்து மூடிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் இருந்தேன். பிள்ளை வேலையாக நிற்கிறாள், குழப்பக்கூடாது.

திடீரென்று பெரியவர் கத்தினார். மகளும் கத்தினாள். அந்தப் பலகையில்தான் மணிக்கூடு மாதிரி இரண்டு வட்ட முகம் பூட்டியிருந்தது. அதன் ஊசி தூணின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தூண் தாழத் தாழ முள் ஒரு பக்கமாகப் போகும். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு இறங்கினது என்று சொல்லுவது. இப்போது முள் மற்றப் பக்கமாக ஓடிவிட்டது. அப்படியென்றால் பாரம் கூடக் கூடத் தூண் மேலே எழும்புகிறது!

பெரியவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், கண்ணாடியைத் துடைத்தார். தன் ஆயுளில் அமத்தினால் எழும்புகிற தூணைக் கண்டதில்லை என்றாராம். மகள் குனிந்து முள்ளையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளும் அந்தப் பெட்டியும் வெளியே போகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என்னை அறியாமல் எழும்பிவிட்டேன்.

முள் திரும்பி ஓடி வந்தது.

மகள் மெதுவாக நிமிர்ந்து என்னைக் கண்டாள்.

"அம்மா. உதிலையோ இருந்தனீங்கள்?"

"வாங்கிலை இருக்கிறதுக்கும் கேட்கவேணுமோ?"

"திரும்ப இருங்கோ."

இருந்தேன். தூண் எழும்பியது. "எழும்புங்கோ." எழும்பினேன். தூண் தாழ்ந்தது. பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லைப் போல, என்னைப் பார்த்துக் கையால் இரு என்று காட்டினார், பிறகு எழும்பு என்று காட்டினார். ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் இப்படித் தோப்புக்கரணம் போடவேண்டி வந்தது. அந்தப் பலகை தூணையும் தொடாமல் பாரத்தையும் தொடாமல் தனியாக நிற்கவேணுமாம், அதில் நான் இருந்ததால் அதுதான் வளைந்ததாம், தூணில் பிழையில்லையாம். அப்படியான பலகையை வாங்கு மாதிரிச் செய்து வைத்தவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு எல்லாரும் புளிச்சாதம் சாப்பிட்டார்கள். பெரியவர் கத்தரிக்காயை இரண்டு தரம் வாங்கினார். தம்பியையும் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் மகளிடம் மெல்லக் கேட்டார், "அப்ப என்ரை பைலுக்கு உங்கடை பெட்டியிலை ஒரு வழியும் இல்லையோ பிள்ளை?" மகள் அப்போதுதான் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரிஞ்ச மண் இல்லை அங்கிள்," என்றாள். அவருடைய பைல் பிறகொரு காலம் தன்பாட்டில் சரிவந்தது, மனிசி பிள்ளைகளும் வந்தார்கள். அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் தம்பி போகவில்லை. வந்தது வந்தாச்சு, இந்தப் பைலாவது செற்றில் ஆகிறதைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று கல்லைத் தூக்கி வந்து படங்குக்குக் கிட்டப் போட்டு இருந்தார்.

பொழுது சாய்கிற நேரம் முழுப் பாரமும் ஏற்றி முடிந்தது. மகள் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். தூண் அவள் சொன்ன சுண்டுவிரலில் பாதிதான் தாழ்ந்திருந்தது. பெட்டி சொன்னதும் பிழை. பெரியவரின் பெருவிரல் அதைவிடப் பிழை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிதான் சரியென்றால் தண்டனையாகக் கதிரைக்கு மேலே ஏற்றி விடுவார்கள்.

பெரியவர் காதைச் சொறிந்துகொண்டு தூணைச் சுற்றி நடந்தார். பிறகு நேரே என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு இங்கிலீசில் கதைக்கத் தொடங்கினார். கனநேரம் கதைத்தார். அவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் நான் "யேஸ்" சொன்னேன். முடிந்ததும் மகளைப் பார்த்தேன். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"என்னவாம்?"

"இந்தத் தொழிலிலை பாதிக்குக் கிட்ட வந்தாலே கெட்டித்தனமாம். திங்கட்கிழமை வரட்டாம். அதுக்கு அடுத்த திங்களும் வரட்டாம்."

"எத்தினை திங்களுக்கு?"

"அதைச் சொல்லேல்லை அம்மா. நிரந்தரம்."

எனக்குக் கால் நோவெல்லாம் போய்விட்டது. ஆனால் கணக்கு இடித்தது.

"அந்த மனிசன் இவ்வளவு நேரம் கதைச்சது இதை மட்டுமோ?"

மகள் மூக்கைத் துடைத்தாள். "மிச்சமெல்லாம் உங்களை இனிச் சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் எண்டதுதான்."

"இருக்க ஒரு ஒழுங்கான வாங்கில்லாத இடத்துக்கு நான் ஏன் வாறன்? அதை அவருக்கு அப்பிடியே சொல்லு."

அவள் சொன்னாள். என்ன சொன்னாளோ தெரியாது, பெரியவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்குக் குனிந்தார்.